முதலீட்டு விலகல்: யாரும் எதையும் திரும்பப் பெறுவதில்லை

ஓய்வூதிய நிதியம் ஒன்று நிலக்கரிச் சுரங்கப் பங்குகளை விற்கிறது. மறுநாள் தமிழ்ச் செய்தியில் ‘முதலீட்டைத் திரும்பப் பெற்றது’ என்று வருகிறது. டைவெஸ்ட்மென்ட், அதாவது எதிர்ப்பைக் காட்டப் பங்குகளை விற்று விலகுவது, என்ற சொல் எங்கே வந்தாலும் இதே தொடரைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள். இது பிழை. நடந்தது என்ன என்பதையே இது மாற்றிச் சொல்லிவிடுகிறது.

வேர் லத்தீன். வெஸ்டிஸ் என்றால் உடை. இன்வெஸ்ட் உடுத்துவது, டைவெஸ்ட் களைவது. நம் முதலீடு, முதல் + ஈடு. விடு வீடானதுபோல் இடு ஈடானது. வேருக்கு இவ்வளவு போதும்.

பணம் போகும் வழியைப் பாருங்கள். நிதியத்திடம் ஆயிரம் பங்குகள் இருக்கின்றன. அந்தத் தொழில் அறத்துக்கு ஒவ்வாது என்று முடிவுசெய்து சந்தையில் விற்கிறது. பணம் கொடுப்பவர் அந்தப் பங்கை வாங்கும் இன்னொருவர். நிறுவனத்தின் கல்லாவிலிருந்து ஒரு காசும் வெளியே வராது. ‘திரும்பப் பெற்றது’ என்று படிப்பவரோ நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, இனி முதலின்றி முடங்கும் என்று எண்ணிக்கொள்கிறார். ஆலை வழக்கம்போல் ஓடுவதைப் பார்த்ததும் போராட்டம் தோற்றது என்கிறார். விற்பவர் எதிர்பார்க்கும் அடி வேறு இடத்தில் விழுகிறது: நிறுவனத்தின் பெயர் கெடுகிறது, புதிய பங்கு வெளியிடும்போது வாங்க ஆள் குறைகிறது, கடன் தரும் வங்கி தயங்குகிறது.

‘பங்கு விலக்கல்’ என்பாரும் உண்டு. இந்திய அரசு பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அங்கே நோக்கம் நிதி திரட்டுவது, எதிர்ப்பு அல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான போராட்டத்தைப் படிக்கும் மாணவர் அதைத் தனியார்மயம் என்று புரிந்துகொள்வார். இலக்கணமும் இடிக்கிறது. விலக்குதல் பிறவினை, விலகுதல் தன்வினை. பங்குதாரர் எதையும் விலக்கவில்லை, தாம் விலகுகிறார். அந்த ஒரு ‘க்’கை எடுத்துவிட்டு, ‘பங்கு’க்குப் பதில் ‘முதலீட்டு’ என்று வைத்தால் சொல் சரியாகிவிடும்: முதலீட்டு விலகல். புள்ளியியலிலும் விலகல் உண்டே என்பார்கள். முன்னே ‘முதலீட்டு’ நிற்கும்போது குழப்பம் ஏது?

இந்தச் சொற்களைத் தேய்த்துப் பார்க்க உரைகல் நிறவெறி ஆட்சிக் காலத்துத் தென்னாப்பிரிக்காதான். 1977இல் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரி, அந்நாட்டில் தொழில் செய்த நிறுவனங்களின் பங்குகளை விற்றது. இது முதலீட்டு விலகல். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்த பாதிரியார் லியான் சல்லிவன், அங்கே இயங்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கு நடத்தை விதிகளை வகுத்தார். பங்கை விற்காமல் உள்ளிருந்தே திருத்தும் வழி அது. அதையும் ‘முதலீட்டுப் புறக்கணிப்பு’ என்று மொழிபெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்கும். சல்லிவனே 1987இல் அந்த வழி போதாதென்று, நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்றார்.

புறக்கணிப்பு நுகர்வோருக்கு உரியது, ஊழியருக்கோ அரசுக்கோ அல்ல. 1984 ஜூலையில் அயர்லாந்தின் டப்ளினில் டன்ஸ் கடையின் கல்லாவில் இருந்த மேரி மானிங், தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்தார். அவரைப் பணியிடைநீக்கம் செய்ததும் சக ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஊழியர் செய்தது மறுப்பு, அரசு செய்தது தடை. இரண்டையும் ‘பகிஷ்கரிப்பு’ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள்.

‘திரும்பப் பெறுதல்’ உண்மையிலேயே பொருந்தும் இடமும் இந்தக் கதையில் உண்டு. 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவுக்குத் தந்த குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது, மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. செப்டம்பரில் அந்நாட்டு அரசு கடன் திருப்பித் தருவதையே நிறுத்திவைத்தது. கடனைத்தான் திரும்பக் கேட்க முடியும், பங்கை அல்ல. மொழிபெயர்க்க உட்காருபவர் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், சொல் தானே வந்து நிற்கும்.

மிச்சம் இருப்பது நிறுவனமே நாட்டைவிட்டுப் போவது. அதற்கு ‘வெளியேற்றம்’ வேண்டாம், வேறு யாரோ துரத்தியதுபோல் ஆகிவிடும். ‘வெளியேறல்’ போதும். 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறுவதாக அறிவித்துத் தன் ஆலையை உள்ளூர் மேலாளர்களுக்கு விற்றது. டெல்டா என்ற புதுப் பெயரில் அந்த ஆலை, ஜெனரல் மோட்டார்ஸிடமே உரிமம் பெற்று ஓப்பல் கார்களைத் தயாரித்தது. ‘ஜெனரல் மோட்டார்ஸ் முதலீட்டைத் திரும்பப் பெற்றது’ என்று இதற்குத் தலைப்பிட்டால், படிப்பவர் மனத்தில் எழுவது பூட்டிக் கிடக்கும் ஆலைதான்.