பதின்பருவக் காதல் கதையில் தோழி எங்கே?

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் நான் பதின்பருவக் காதலை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறேன் என்றதும் பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி: "உங்ககிட்ட வந்த பசங்களோட கதையா?" இல்லை. என் அறையில் பிள்ளைகள் சொன்ன ஒரு சம்பவம்கூட அதில் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். "சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்" என்று அகத்திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த விதி எனக்கு இன்றும் செல்லும். காதலைப் பாடு, ஆனால் இன்னார் காதல் என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்காதே என்கிறது அது.

பிள்ளைகளின் கதைகளை எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு வாக்கியத்தை நான் விடவில்லை. "வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ்." காதலிப்பதாகச் சொல்லும் பிள்ளையும் அதைச் சொல்கிறது, யாரோ மிரட்டுகிறார்கள் என்று சொல்லும் பிள்ளையும் அதையேதான் சொல்கிறது. சந்தோஷமோ ஆபத்தோ, இரண்டையும் ஒரே பூட்டுப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்னைப் பயமுறுத்துவது காதல் இல்லை, இந்தப் பூட்டு.

நாவலுக்கான வடிவம் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைத் திரும்பப் படித்தபோது கிடைத்தது. 261 அடி உள்ள அந்தப் பாட்டை நாம் பெரும்பாலும் 99 பூக்களின் பட்டியலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். பாட்டு முழுவதும் தோழியின் பேச்சு. தலைவி மெலிந்து போகிறாள். அவளை வளர்த்த செவிலித்தாய்க்குக் காரணம் தெரியவில்லை. குறி கேட்கிறாள், தெய்வங்களுக்குப் பூசை போடுகிறாள். அப்போது தோழி முன்னால் வந்து, "அன்னாய் வாழி" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறாள். சொல்வதற்கு முன் "சினவாதீமோ" என்று கெஞ்சுகிறாள், கோபப்படாமல் கேள் என்று. பகை கொண்ட இரண்டு பெருவேந்தருக்கு நடுவில் சமாதானம் பேச நிற்கும் சான்றோர் போல, இரண்டு பேரச்சத்தோடு நிற்கிறேன் என்கிறாள். ஒரு பக்கம் தாய், மறுபக்கம் தலைவி. பதினாறு வயதில் தன் சிநேகிதியின் ரகசியத்தைச் சுமக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்த இரண்டு அச்சமும் அவளுக்குத் தெரியும்.

காதலை இப்படி வீட்டாருக்குத் தெரியப்படுத்தும் அறத்தொடு நிற்றல் என்ற துறை நம்மிடம் ஒரு வழித்தடமாகவே இருந்திருக்கிறது. தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும். செய்தி கை மாறி மாறி, சூடு ஆறி, கடைசியில்தான் ஆண்களின் காதுக்குப் போகிறது. இன்றைய வீட்டில் செவிலியின் இடத்தில் யாரும் இல்லை. அத்தை வேறு ஊரில், பாட்டி சீரியலில், அம்மா வேலையில். தோழியின் இடத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரிந்த இருபது பேர் இருக்கிறார்கள்.

அதனால் என் நாவலைக் காதலிக்கும் பெண் சொல்லவில்லை. அவள் தோழி சொல்கிறாள். பிளஸ் டூ படிக்கும் இரண்டு சிநேகிதிகள், ஒரே பேருந்து நிறுத்தம். "அவன் ரிப்ளை பண்ணலடி." "ப்ளூ டிக் வந்துச்சுன்னு சொன்ன?" "அதான் பயமா இருக்கு." இந்த அளவில்தான் அவர்களின் பேச்சு தொடங்குகிறது. க்ரஷ், கமிட்டட், ப்ளாக் பண்ணிட்டான், லாஸ்ட் சீன் என்று அவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே எழுதினேன். பதினேழு வயதுப் பெண் "என் இதயம் அவனுக்காகத் துடிக்கிறது" என்று பேசினால் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடிய புத்தகத்தால் எந்த விழிப்புணர்வும் வராது.

அடுத்து வயது. எழுத உட்காரும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. இந்தியாவில் பாலுறவுக்கு இசைவு தரும் வயது 2012 வரை 16 ஆக இருந்தது. போக்சோ வந்தபின் 18. அதற்குக் கீழே உள்ளவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. காதலிப்பதோ, பேசுவதோ, கடிதம் எழுதுவதோ குற்றம் இல்லை. ஆனால் பாலியல் நோக்கத்தோடு தொடுவதே 3 முதல் 5 ஆண்டு வரை தண்டனைக்குரியது. பாலுறவு என்றால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சமே 10 ஆண்டு, 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. பையனும் பதினேழு வயதுதானே என்று கேட்கிறார்கள். அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். 2015 சட்டப்படி, 16 வயது முடிந்தவன் மீது கொடுங்குற்ற வழக்கு என்றால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று மதிப்பீடு செய்யவும் வழி இருக்கிறது. பெரும்பாலான பையன்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் பார்த்த எந்தக் காதல் படத்திலும் இந்தக் காட்சி இல்லை.

இந்தச் சட்டம் பதின்பருவக் காதலர்களைச் சிறைக்கு அனுப்ப உருவானது அல்ல என்பதை நீதிமன்றங்களே உணர்ந்திருக்கின்றன. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்து, சட்டத்தில் தக்க மாற்றம் தேவை என்று சொன்னது. 2023-ல் சட்ட ஆணையம் தன் 283-வது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையுள்ளவர்கள் இசைந்து பழகிய வழக்குகளில் தண்டனை விதிக்கும்போது நீதிபதிக்கு விருப்புரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. 18 என்ற எல்லை பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து காக்கிறது, அது வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அதே சட்டம் நுழையும்போது, பெரும்பாலும் அதை அழைத்து வருவது பெண்ணின் வீட்டார்தான். அதிலும் பையன் வேறு சாதி என்றால் வேகம் கூடுகிறது. சாதியைத் தொடாமல் தமிழ்நாட்டில் காதல் கதை எழுத முடியும் என்று நான் நம்பவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கர் பட்டப்பகலில் கொல்லப்பட்டதை நாம் எல்லோரும் கேமரா காட்சியாகவே பார்த்தோம். இன்றைய பிள்ளைகளும் அதை யூடியூபில் பார்க்கிறார்கள்.

இன்னொரு எல்லை எழுதுபவருக்கே உரியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகச் சித்திரிக்கும் படங்களை மட்டும் குறிப்பதில்லை, எழுத்தையும் சேர்த்தே குறிக்கிறது. இலக்கியத்துக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கின் நிழலில் ஒதுங்க வேண்டிய தேவை ஒரு பதின்பருவ நாவலுக்கு வரக்கூடாது. அவன் அவள் நோட்டில் எழுதிக்கொடுத்த ஒரு கணக்கை அவள் இரவு திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று எழுதினாலே அந்த வயதின் மொத்தப் படபடப்பும் வந்துவிடும்.

புகைப்பட அத்தியாயத்தை எழுதும்போது இதே 67பி பிரிவு கதைக்குள்ளும் வந்தது. அவன் அந்தரங்கப் படம் கேட்கிறான், அவள் அனுப்பிவிடுகிறாள். தோழிக்கு விஷயம் தெரியும்போது அவள் செய்யும் முதல் வேலை திட்டுவது இல்லை. படம் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறாள். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 'ஆதாரத்துக்கு' என்று சிநேகிதிகள் அதைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளவே கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் சமூக வலைத்தள நிறுவனங்களுக்குப் போகும். கதைக்குள் இதை ஒரு பாடம்போல வைக்காமல், தோழி இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் தேடிக் கண்டுபிடிப்பதாக வைத்தேன்.

பையனின் பக்கத்தில் ஒன்றை உறுதியாக வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னபின் அவன் அவள் தெருவில் நிற்க மாட்டான். நம் திரைக்கதைகள் துரத்துவதைக் காதல் என்று சொல்லிக்கொடுத்துவிட்டன. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியைப் பின்தொடர்ந்து வந்தவன் ரயில் முன்னால் தள்ளிக் கொன்ற நாளில், என் மாணவர்களில் சிலர் "அவ என்ன பண்ணா மிஸ்?" என்றுதான் கேட்டார்கள். அதனால் நிராகரிக்கப்பட்ட ஒருவன் அழுது, கிரிக்கெட் ஆடி, தூங்கி, மறுநாள் பள்ளிக்கு வருவதை ஒரு முழு அத்தியாயமாக எழுதினேன். தற்கொலை முயற்சியைத் திருப்பமாக வைக்கச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டேன்.

அதிகம் திருத்தியது தாய்க்குத் தெரியவரும் காட்சியைத்தான். வீட்டில் விஷயம் தெரிந்த உடனே நடப்பவற்றை நான் அறிவேன். போன் பறிபோகும், படிப்பு நிற்கும், மாமன் மகனை வரச் சொல்வார்கள். பெண்ணுக்கு 18 முடியாமல் திருமணம் செய்து வைப்பது 2006 சட்டப்படி குற்றம். அதைவிட, ஓடிப்போகும் எண்ணமே இல்லாத பிள்ளையை ஓட வைப்பது பெரும்பாலும் இந்த அவசரம்தான். என் நாவலின் தாய் புரட்சிக்காரி இல்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை, சம்மதமும் இல்லை. ஆனால் தோழி பேசி முடிக்கும்வரை கேட்கிறாள். பிறகு மகளிடம், "பயமா இருக்கா?" என்கிறாள். "அப்பாகிட்ட எப்ப சொல்லணும்னு நான் பாத்துக்கறேன். ராத்திரி போன் ஹால்ல இருக்கணும். பரிட்சை எழுதணும். தனியா எங்கயும் போகக்கூடாது" என்று நிபந்தனைகளும் போடுகிறாள். கண்டிப்பும் கேட்கும் மனமும் ஒரே தாயிடம் இருக்க முடியும் என்பதைப் பெற்றோர்கள் இந்தக் காட்சியில் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

கதையில் ஓர் ஆசிரியையும் வருகிறாள். "என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவள் வாக்குக் கொடுக்க மாட்டாள், ஏனென்றால் கொடுக்க முடியாது. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தும் தெரிவிக்காத பெரியவர்களுக்கு போக்சோவில் தண்டனை உண்டு. நானும் என் அறையில் உட்காரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சட்டம் குழந்தைகளுக்கு அந்தத் தண்டனையிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. இரண்டு அச்சத்தோடு நிற்கும் தோழிகள் இதைத் தெரிந்துகொண்டால் ஓர் அச்சமாவது குறையும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். குழந்தைகள் உதவி எண் 1098. மனம் தாங்காத நேரத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளையே நேராகக் கூப்பிடலாம், தோழியும் கூப்பிடலாம்.