பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் முன் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் பாருங்கள்

போன ஏப்ரலில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி போன் செய்தார். திருவண்ணாமலை மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஒன்றியத்துக்காரர். "சார், பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடியப்போவுது. நம்ம ஊரு கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே சேத்துடலாமா, இல்ல வேன் வருதே, அங்க அனுப்பட்டுமா? நீங்க எதைச் சொன்னாலும் சரி சார்" என்றார்.

வட்டார வள மையத்தில் பதினேழு வருடம் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் நான். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியின் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் சேர்க்கை நேரத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அவருக்குச் சொன்னது இதுதான்: "ஸ்கூலுக்கு அப்புறம் போகலாம் தம்பி. முதல்ல உங்க தெருவுல அந்த ஸ்கூல்ல மூணாவது படிக்கிற பிள்ளை யார் இருக்குன்னு பாருங்க. அதோட கணக்கு நோட்டை ஒரு நாள் வாங்கிப் பாருங்க. நல்லாப் படிக்கிற பிள்ளையோடது வேணாம், சுமாராப் படிக்கிற பிள்ளையோடது."

சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம் ஆட்கள் ஒரு பள்ளியை எப்படி எடைபோடுகிறார்கள்? கட்டடம், சுவரில் படம், டை, ஷூ, பிள்ளை வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்கிறதா என்பது. அரசுப் பள்ளி என்றால் கூடவே ஒரு கேள்வி: "எத்தனை பிள்ளைங்க இருக்கு?" கூட்டம் இருந்தால் நல்ல பள்ளி, இல்லையென்றால் ஏதோ கோளாறு. ஓட்டலுக்குச் சரிவரும் கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பக்கத்து ஊருக்கு வேன் விட ஆரம்பித்தாலே எண்ணிக்கை பாதியாகும். அதற்கும் வகுப்பறைக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

ஊரைச் சொல்வானேன், நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி. வாசலில் கீரைப் பாத்தி, சுவரெல்லாம் திருக்குறள், பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பினேன். பாடத்தைக் கடகடவென்று படித்தான். பார்வைக் குறிப்பேட்டில் பாராட்டி எழுதிவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். அதே பையன், அதே பாடம். ஏதோ தோன்றி, பக்கத்தின் நடுவில் இருந்த 'பறவை' என்ற சொல்லில் விரல் வைத்து, "இது என்னப்பா?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எண்ணிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்திப் 'பறவை' என்றான். பாடம் முழுக்க மனப்பாடம், எழுத்து தெரியாது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படி. கூட்டாகச் சொல்ல வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். கூட்டுக் குரலுக்குள் எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

அதன் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் பாடப் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை. பிள்ளைகள் பார்த்திராத நாலு வரிக் கதை ஒன்றை நானே பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போவேன். வீட்டில் நீங்களும் செய்யலாம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு பத்தியைக் கொடுங்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வில் 2005-லிருந்து நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

மூன்றாம் வகுப்பை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், ஒன்றிலும் இரண்டிலும் பிள்ளை எழுத்துக் கூட்டினால் குற்றமில்லை. நம் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பில்தான் அறிவியல், சமூக அறிவியல் என்று தனிப் பாடங்கள் வருகின்றன. அப்போதும் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் பின்தங்கும். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தடையில்லை என்பதால் அது வெளியே தெரியாது.

இனி நோட்டு. 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 26 என்று போடும். ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6. பத்தாம் இடத்தில் 5-லிருந்து 3 போக 2. பிள்ளையைப் பொறுத்தவரை சரியாகத்தான் செய்திருக்கிறது, பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்! கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்பதைவிட, 52 என்றால் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பதே அதற்குள் இறங்கவில்லை என்று பொருள். இந்த 26-க்குக் கீழே ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். அதில் பள்ளிக்கூடமே தெரிந்துவிடும்.

சில நோட்டில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, பக்கத்தில் சரியான விடை 14. பிள்ளை அதைப் பார்த்து மூன்று முறை எழுதியிருக்கும். சில நோட்டில் அதுவும் இருக்காது, பக்கத்துக்கு ஒரு பெரிய டிக், கீழே கையெழுத்து. இன்னும் சில நோட்டில் தப்பே இருக்காது. தப்பே இல்லாத மூன்றாம் வகுப்பு நோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான், அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அபூர்வமாக ஒரு நோட்டில், தப்பான கணக்கின் ஓரத்தில் ஆசிரியர் கையால் ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் வரைந்திருப்பார். ஒரு கட்டைப் பிரித்துப் போட்டிருப்பார். அடுத்த நாள் தேதியில் அதே மாதிரி நாலு கணக்கு, அந்தப் பிள்ளைக்கு மட்டும். அந்த ஆசிரியர் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்த்திருக்கிறார். இந்த ஒன்று இருந்தால் போதும், கீரைப் பாத்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தமிழ் நோட்டில் வேறு மாதிரி. 'எங்கள் ஊர்' என்று எழுதச் சொன்னால் முப்பது நோட்டிலும் ஒரே ஐந்து வரி, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. ஒரு பிள்ளை மட்டும் "எங்க ஊர் ஏரில தண்ணி இல்ல, மாமா பைக் ஓட்டி பழகுராரு" என்று எழுதியிருந்தால், ர-வும் ற-வும் தப்பாக இருந்தாலும் நான் அந்தப் பள்ளிக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

தனியார் பள்ளிகளுக்கும் இதே சோதனைதான். வீட்டுப்பாடம் மூட்டையாக வரும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள்.

சரி, பள்ளிக்கே போகிறீர்கள் என்றால் ஆண்டுவிழா அன்று போகாதீர்கள். சாதாரண நாளில் பதினோரு மணிவாக்கில் போங்கள். முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஆசிரியர் என்று. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குப் போட்டிருக்கும் கணக்கு இது: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. நம் கிராமங்களில் நிறையப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். பாடம் நடத்துவதோடு எமிஸ் பதிவு (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுவது), காலை உணவு, சத்துணவு, கட்டட வேலை, வங்கி எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவரிடம். அன்று நடப்பது பாடமில்லை, பிள்ளைகளை அமைதியாக உட்கார வைப்பது மட்டும்தான். அதனால் "எத்தனை ஆசிரியர்?" என்பதோடு நிற்காமல், "யாராவது மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்காங்களா?" என்றும் கேளுங்கள். பதிவேட்டில் இரண்டு பேர் இருப்பார்கள், வகுப்பில் ஒருவர்தான் இருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் பழைய சகாக்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஈராசிரியர் பள்ளியின் தரம் என்பது ஒரு மாறுதல் ஆணை வரும் வரைதான். கலந்தாய்வில் ஒரு நல்ல டீச்சர் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டால் பள்ளியின் பாதி போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் அக்கா மகன் நன்றாகப் படித்த பள்ளி இன்று அதே பள்ளி இல்லை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஊரே கைவிட்ட ஒரு பள்ளிக்கு ஒரு இளம் ஆசிரியை வந்து இரண்டே வருடத்தில் வாசிக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பேச்சு மாற அதற்குப் பிறகும் நாலு வருடம் ஆனது. ஒரு முறை விசாரித்துச் சேர்த்துவிட்டு ஐந்து வருடம் நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு ஜூனிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பள்ளிகளை ஒப்பிடுவதில் இருக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போவார்கள், மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பாதிப் பேர் படிக்கும் பள்ளியையும், அரசு ஊழியர் குடியிருப்புப் பக்கம் இருக்கும் பள்ளியையும் ஒரே தேர்வு வைத்துத் தரம் பிரித்தால் நாம் அளப்பது பெற்றோரின் வருமானத்தைத்தான். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை விட எங்கிருந்து எங்கே வந்தது என்று கேட்க வேண்டும்.

அதற்கு இப்போது வழி இருக்கிறது. கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டில் நான்குக்கும் ஐந்துக்கும். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் வைத்துக் கற்பிக்கிறார்கள். "என் பிள்ளை அரும்பா மலரா?" என்று கேட்டு வருத்தப்பட வேண்டாம். "ஜூலையில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் டிசம்பரில் நகர்ந்திருக்காங்க டீச்சர்?" என்று கேளுங்கள். சட்டென்று, "இந்த மூணு பேர் இன்னும் கஷ்டப்படறாங்க, இவனுக்குக் கண்ணாடி வேணும்னு நினைக்கிறேன், அந்தப் பொண்ணு லீவு அதிகம்" என்று சொல்கிற டீச்சரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வரலாம். "எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்க" என்று பதில் வந்தால் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

கழிப்பறையைப் பார்க்கும்போது கதவின் பூட்டைப் பாருங்கள். பளிச்சென்று டைல்ஸ் ஒட்டிய கழிப்பறையின் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருந்தால் அது விருந்தினருக்கு. பிள்ளைகள் வேலிப் பக்கம்தான் போவார்கள்.

ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. புத்தகங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, ஓரங்கள் மடங்கி அழுக்காகியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குப் படிநிலை வாரியாகத் தந்த 'நுழை, நட, ஓடு, பற' கதைப் புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் புது வாசனையோடு இருந்ததையும் பார்த்திருக்கிறேன், நூல் பிரிந்து செல்லோடேப் ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் யுடைஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளியின் பதினோரு இலக்க எண்ணைப் போட்டால் ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, கழிப்பறை எல்லாம் வரும். போவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை சேர்ந்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நடைமுறையில் தீர்மான நோட்டு வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போவதும் உண்டு. அப்படி வந்தால், கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள், நேரில் வந்து போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைச் சோதிக்காதீர்கள். நாங்கள் அதிகாரிகள் நிறையச் செய்த பாவம் அது.

அந்த ஆட்டோக்காரத் தம்பி மறுவாரம் போன் செய்தார். எதிர்வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிவிட்டாராம், வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் நான் சொன்ன அதே ஜாதிக் கணக்கு, விடை 26, தப்பு. ஓரத்தில் குச்சிக் கட்டு வரைந்திருந்தது. அடுத்த பக்கம் இரண்டு நாள் கழித்த தேதி. 43-லிருந்து 17.

"சார், குச்சி வரைஞ்சிருக்காங்க. ஆனா அடுத்த பக்கத்தைப் பாருங்க, இதுலயும் பொண்ணு 26-தான் போட்டிருக்கு. டீச்சர் பாக்காம டிக் போட்டுட்டாங்க போல!"

"நீங்க போட்டுப் பாருங்க தம்பி" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ஆட்டோ எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிதான் சார்" என்றார்.