கறுப்புக் குழம்புக்குள் இருக்கும் லிக்னின்

சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் ஒரு செய்தித்தாளையும் வெள்ளை நோட்டுத் தாள் ஒன்றையும் விரித்து, இரண்டிலும் பாதியை அட்டையால் மூடி, மேலே செங்கல் வைத்துவிடுங்கள். சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் போதும். செய்தித்தாளில் வெயில் பட்ட பாதி பழுப்பாகியிருக்கும். நோட்டுத் தாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

காரணம் லிக்னின். மரத்தின் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் அதுவே. மரத்தை அப்படியே அரைத்த கூழ் செய்தித்தாளில் சேரும்போது லிக்னினும் கூடவே வந்துவிடுகிறது. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டு நிறம் மாறுகிறது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் வெள்ளைத் தாளிலோ, லிக்னினை ஆலையிலேயே வெளியேற்றிவிட்டார்கள். அந்த லிக்னின் எங்கே போகிறது?

இன்று உலகில் வேதிமுறைக் கூழின் பெரும்பகுதி கிராஃப்ட் முறையில் வருகிறது. ஜெர்மனியில் கார்ல் டால் 1879-ல் கண்டுபிடித்தது. சவுக்கு, தைலமரம் போன்றவற்றின் சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில், சுமார் 170 டிகிரி செல்சியஸில், பெரிய குக்கர் போன்ற டைஜெஸ்டரில் வேகவைக்கிறார்கள். லிக்னின் துண்டு துண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகளில் இருக்கும் ஃபீனால் தொகுதிகள், கடுமையான காரத்தில் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. மின்னூட்டம் வந்ததும் தண்ணீரோடு சேர்ந்து கரைந்துவிடுகின்றன. இழைகளைப் பிரித்த பிறகு மிஞ்சுவது கன்னங்கரேலென்ற பிளாக் லிக்கர். ஒரு டன் கூழுக்கு அதில் ஏறக்குறைய ஒன்றரை டன் திடப்பொருள் கரைந்திருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ லிக்னின்.

இதைக் கழிவு என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஆலை இதைச் சுண்டக் காய்ச்சி, ரெகவரி பாய்லரில் எரித்து, நீராவியும் மின்சாரமும் எடுக்கிறது. அடியில் உருகி வழியும் உப்பைச் சுண்ணாம்போடு வினைபுரியவைத்தால் சமையலுக்கான காரக் கரைசல் திரும்பக் கிடைக்கிறது. அப்படியிருக்க, லிக்னினை ஏன் தனியாக எடுக்க வேண்டும்? பல ஆலைகளில் அந்த பாய்லர்தான் முட்டுக்கட்டை. டைஜெஸ்டர் இன்னும் வேகவைக்கத் தயார், ஆனால் பாய்லர் அதற்கு மேல் எரிக்காது. லிக்னினில் ஒரு பகுதியை முன்னாலேயே எடுத்துவிட்டால் பாய்லரின் வெப்பச் சுமை குறையும், கூழ் உற்பத்தி கூடும். முழுவதையும் எடுத்துவிட முடியாது. அடுப்புக்கு விறகும் அதுதானே.

எடுக்கும் விதம் பால் திரிவதைப் போன்றது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் புரதம் கரைசலில் நிற்க முடியாமல் திரண்டுவிடும். இங்கே எலுமிச்சையின் வேலையைச் செய்வது கோலி சோடாவில் இருக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு. பிளாக் லிக்கரின் பிஎச் (காரம் ஏற ஏறக் கூடும் அளவு) 13-ஐத் தாண்டி இருக்கும். வாயுவைச் செலுத்தி அதை 10-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஃபீனால் தொகுதிகளில் பல, இழந்த ஹைட்ரஜனைத் திரும்பப் பெறுகின்றன. மின்னூட்டம் குறைந்ததும் லிக்னின் பழுப்பு வண்டலாகப் பிரிகிறது. இதைச் சூடாகவே செய்ய வேண்டும், 60 முதல் 80 டிகிரிக்குள். ஆறிய கரைசலில் பிரிந்தால் துகள்கள் மிக நுண்ணியதாகி வடிகட்டவே முடியாது.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. வடிகட்டிய கட்டிக்குள் சோடியம் நிறைய இருக்கும். சரி, தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்று தோன்றும். கழுவினால் உப்பு போய்விடும். ஆனால் துகள்களில் மிச்சமிருக்கும் எதிர்மின்னூட்டத்தை இதுவரை அடக்கி வைத்திருந்ததே அந்த உப்புதான். உப்பு போனதும் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, ஊதி, பாதி கரைந்து, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். ஸ்வீடனில் உருவான லிக்னோபூஸ்ட் முறை இதை எளிமையாகத் தீர்த்தது. வடிகட்டியில் இருக்கும்போதே கழுவாமல், கட்டியை எடுத்து அமில நீரில் போட்டுக் கலக்குகிறார்கள். மிச்ச மின்னூட்டமும் அடங்கிய பிறகு மறுபடி வடிகட்டி, அமில நீராலேயே கழுவுகிறார்கள். இப்போது லிக்னின் அசையாது, உப்பு மட்டும் போகும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று: புதிய ரசாயனம் எதுவும் இல்லை, செய்யும் வரிசையை மட்டும் மாற்றினார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் பிளிமத் ஆலையில் 2013-ல் இது வணிக அளவில் தொடங்கியது.

அமிலம் சேர்க்கும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். அது உயிருக்கே ஆபத்தான வாயு என்பதால், தொட்டிகளை மூடி, வாயுவை உறிஞ்சி எடுக்க வேண்டும். கனடாவில் உருவான லிக்னோஃபோர்ஸ் முறையில் முன்னதாகவே ஆக்சிஜனைச் செலுத்திச் சல்ஃபைடை மாற்றிவிடுகிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் பழுப்புப் பொடி, பிளைவுட் பசையில் ஃபீனாலின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்கிறது. பேட்டரிக்கான கார்பனாகவும் அதை மாற்றிப் பார்க்கிறார்கள். சல்ஃபைட் என்ற வேறொரு கூழ் முறையில் வரும், லிக்னினின் இன்னொரு வடிவமான லிக்னோசல்ஃபோனேட்டோ வெகுகாலமாகவே கான்கிரீட் கலவையை இளக்கவும், வெனிலின் வாசனை தயாரிக்கவும் பயன்படுகிறது. ஐஸ்கிரீம் வாசனைக்கும் மரத்துக்கும் இப்படியும் ஓர் உறவு.

நம் ஊர்க் கதையில் இன்னொரு முடிச்சு உண்டு. கிண்டியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையையும் கூழாக்குகிறது. கரும்பு மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் புல் இனம். அந்தச் சிலிக்காவும் காரத்தில் கரைந்து பிளாக் லிக்கரோடு வரும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் அதுவும் வெளியே வரும். லிக்னினும் சிலிக்காவும் சேர்ந்து படிந்துவிட்டால், எரித்தால் சாம்பல் மிஞ்சும் மட்டமான பொடிதான் கிடைக்கும். நல்லவேளையாக, பிஎச்சைக் கொஞ்சமாக இறக்கும்போதே சிலிக்கா முந்திக்கொண்டு படிய ஆரம்பிக்கிறது. வாயுவை அங்கேயே நிறுத்தி, சிலிக்காவை வடிகட்டிவிட்டு, அப்புறம் மறுபடி திறந்தால் லிக்னின் தனியாக இறங்கும்.