பறக்கும் ரோபோவுக்குப் பல்லியின் பாதம்

"விண்வெளிக் குப்பையை ரோபோ கையால் பிடித்து இழுத்துவர வேண்டியதுதானே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். பிடிப்பதுதான் பாடு. மிதக்கும் பொருளை லேசாக இடித்தாலும் அது விலகிப் போகும், இடித்த ரோபோவும் பின்னால் நகரும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் 2019 முதல் பறந்துவரும் நாசாவின் ஆஸ்ட்ரோபீ ரோபோக்கள், சுமார் 30 செ.மீ. அளவுள்ள கனசதுரங்கள். அவற்றின் குட்டிக் கரம் சுவரிலுள்ள கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொள்ளும். குப்பையாகிப்போன செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் ஏது கைப்பிடி? வெற்றிடத்தில் உறிஞ்சுகிண்ணம் உதவாது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பசையை அழுத்த வேண்டும், அழுத்தினால் பொருள் ஓடிவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் இதற்குப் பல்லியிடம் போயின. பல்லியின் பாதத்தில் பசை கிடையாது. லட்சக்கணக்கான நுண்மயிர்கள் சுவரை மிக நெருங்குவதால் எழும் வான் டெர் வால்ஸ் விசைதான் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) அதைத் தாங்குகிறது. ஆய்வாளர்கள் சிலிக்கோன் ரப்பரில், தலைமுடியைவிட மெல்லிய ஆப்புகளை வரிசையாக வார்த்தார்கள். சும்மா வைத்தால் அவற்றின் நுனி மட்டுமே படும், ஒட்டாது. பக்கவாட்டில் மெல்ல இழுத்தால், காற்றில் சாயும் நெற்பயிர்போல் எல்லாம் ஒருசேரப் படுத்துக்கொள்ளும். தொடும் பரப்பு கூடும், பிடி இறுகும். இழுப்பதை நிறுத்தினால் ஆப்புகள் தாமாக நிமிரும், பிடி விட்டுவிடும்.

என்னை மயக்கியது அடுத்த வேலைப்பாடு. பக்கவாட்டில் இழுத்தால் பொருளும் கூடவே வருமே? அதற்காக இந்த ஆப்புகள் கொண்ட பட்டைகளை எதிரெதிர் ஜோடிகளாக அமைத்து, ஒன்றை நோக்கி மற்றொன்றை இழுத்தார்கள். இரு இழுப்புகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. பொருள் அசைவதில்லை, பிடி மட்டும் இறுகுகிறது. 2021-இல் இப்படியொரு பிடிகரத்தை ஆஸ்ட்ரோபீயில் பொருத்தி விண்வெளி நிலையத்திலேயே சோதித்தார்கள்.

பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்பதற்கு நம் பஞ்சாங்கங்கள் பக்கம் ஒதுக்குகின்றன. அது ஏன் விழாமல் இருக்கிறது என்று ஆராய நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்பார்கள். பல்லியின் ஒற்றை மயிரின் ஒட்டுவிசையை 2000-இல் அளந்தவர்கள் அப்படியொரு கேள்வியோடு நின்றிருந்தால் இந்தக் கரமே வந்திராது.

குறையும் உண்டு. தூசு படிந்தால் பிடி தளரும். செயற்கைக்கோள்களைப் போர்த்தியிருக்கும் கசங்கிய காப்புத் தாளில் ஆப்புகள் சீராகப் படியாது. ஆகவே வாசகர் கேட்ட குப்பையைப் பிடிக்க, முதலில் அதன் வழவழப்பான சூரியத் தகட்டைத் தேடித்தான் போக வேண்டும்.