காரை வெளியில் விட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு

சித்திரைப் புத்தாண்டு முடிந்து மே மாதம் நெருங்கினால், எங்கள் கராஜுக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி, கனடாவுக்கு மகளிட்டப் போறம். திரும்பி வர நாலைஞ்சு மாசம் செல்லும். காரை என்ன செய்துபோட்டுப் போறது?" அங்கே கோடை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அதனால் அந்த மாதங்களைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். கொழும்பிலோ அது தென்மேல் பருவமழைக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பும் காற்றும் நம் பக்கம்தான். அது ஓய்ந்தால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்துத்தான் காருக்கு மோசமான காலநிலை வந்து சேருகிறது.

பிளட்டின் கீழே கூரையுள்ள பார்க்கிங் கிடைத்தவர்களுக்குப் பாதிப் பிரச்சினை இல்லை. இதை நான் எழுதுவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஒழுங்கைகளில் வெட்டவெளியில் காரை விட்டுப்போகிறவர்களுக்காக.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே பனிக்காலம் முழுக்கக் காரை ஓடாமல் வைப்பது சாதாரண வழக்கம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் புளொக்கையே வெடிக்க வைக்கும். அதனால் கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலக்கிறார்கள். பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை வரை அது உறையாது. சார்ஜ் இறங்கிய பற்றரியும் குளிரில் உறைந்து வெடிக்கும். பனி உருக வீதியில் உப்புக் கொட்டுவார்கள், அது காரின் அடியில் ஒட்டும், ஆகவே நிறுத்துமுன் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவச் சொல்வார்கள்.

இதில் உறைவதைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் அந்த உப்பு விஷயம் நமக்கும் அப்படியே பொருந்தும். அங்கே லொறியில் கொண்டுவந்து கொட்டுகிற உப்பை இங்கே கடற்காற்று இலவசமாகக் கொண்டுவந்து தருகிறது. மரைன் டிரைவில் ஜூன், ஜூலையில் ஒரு பின்னேரம் காரை நிறுத்திவிட்டு முன்கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கொழும்பில் இரவில் ஈரப்பதன் அதற்கு மேல்தான் இருக்கும். அதாவது மழை ஒரு துளி பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த கார் ஒவ்வொரு இரவும் உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டுதான் நிற்கிறது. ஓடுகிற கார் என்றால் எஞ்சின் சூடு, காற்று, அடிக்கடி கழுவல் என்று கொஞ்சம் தப்பிக்கும். நிற்கிற காருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது.

ஆகவே முதல் வேலை கழுவுவதுதான். மேலால் ஷாம்பு போட்டு மினுக்கினால் போதாது. சேர்விஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றி, மட்கார்ட்டின் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, சஸ்பென்ஷன், சைலன்சர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிய விட்டவை; அவை மண்ணால் அடைபட்டிருந்தால் கதவு உள்ளிருந்தே உக்கும். கழுவிய கையோடு நிறுத்திவிடவும் கூடாது. பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஓட்டி, பிரேக், சைலன்சர் எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். அந்த ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் போட்டு ஓடுங்கள். ஏசிக்குள் இருக்கிற ஈரம் காய்ந்தால்தான் உள்ளே பூஞ்சணம் பிடிக்காது.

இனி, எல்லோரும் நல்லெண்ணத்தில் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறவர், நாலு மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "செக்கியூரிட்டிப் பொடியனிட்டச் சாவி குடுத்தனான் தம்பி. ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைச்சவன். பிறகேன் பற்றரி செத்தது?"

"மாஸ்டர், அந்த அஞ்சு நிமிஷம்தான் அதைக் கொன்டது" என்றேன். அவர் நம்பவில்லை. காரணம் இதுதான். ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியிலிருந்து பெருமளவு மின்சாரம் போகிறது. ஐந்து நிமிடம் சும்மா இரைந்துகொண்டு நிற்கிற எஞ்சின் அதைத் திருப்பிக் கொடுப்பதே சந்தேகம். பற்றரி கொஞ்சம் பழையது என்றால் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இன்னொன்று, ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான சைலன்சரில் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாகாது, தண்ணீர் உள்ளேயே தேங்கி நிற்கும். மாஸ்டரின் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டினேன். பின் சைலன்சரின் அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெதுவாகத் தள்ளியதும் அது பொட்டென்று உள்ளே போயிற்று, கபில நிறத்தில் தண்ணீர் வடிந்தது. எஞ்சின் ஒயிலிலும் இதே கதைதான். ஒயில் சூடாகாவிட்டால் ஈரம் அதில் கலந்து நின்றுவிடும்.

எனவே ஒன்றில் முறையாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. நம்பிக்கையான மருமகனோ அயலவரோ இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட்டச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் மொரட்டுவை வரை போய்த் திரும்பினால் சரி. ஏசியையும் போட வேண்டும், அப்போதுதான் கொம்பிரசரின் சீல்கள் காயாது. ஓட்ட ஆள் இல்லையென்றால் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். பற்றரியின் மறைத் துருவ (மைனஸ்) கம்பியைக் கழற்றி விட்டுப் போங்கள்.

பற்றரிக் கணக்கு எளிது. பூட்டி நிற்கிற காரிலும் அலாரம், கடிகாரம், கம்பியூட்டர் என்று 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை போய்க்கொண்டிருக்கும். 50 என்று வைத்தால் நாளுக்கு 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பற்றரி மூன்று வாரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்த பற்றரி. 12 வோல்ட்டுக்கு இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. நம் சூட்டில் கம்பியைக் கழற்றி வைத்தாலும் தன்பாட்டில் கொஞ்சம் இறங்கும். எனவே கழற்றுமுன் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டாக்கள் பலவற்றில், பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் ஜப்பானிய மொழியில் இருக்கிற பிளேயர் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். அந்தக் கோட் கையில் இல்லாவிட்டால் வீண் செலவு. முதலில் விசாரித்துவிட்டுக் கை வையுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு, அக்வா, பிரியஸ் போன்றவை, நான் சொல்வது இன்னும் கண்டிப்பானது. பெரிய ஹைபிரிட் பற்றரியும் நிற்க நிற்க இறங்கும்; அதை வீட்டு சார்ஜரால் ஏற்ற முடியாது. சில மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம், 16 கிலோமீற்றர் அளவு ஓட்ட வேண்டும் என்றுதான் டொயோட்டாவின் கைந்நூலும் சொல்கிறது. ஹைபிரிட் காரை ஓட்ட ஆள் ஒழுங்கு செய்யாமல் ஆறு மாதம் போகாதீர்கள். அந்தப் பற்றரி மாற்றுகிற செலவில் ஒருவருக்கு விமான டிக்கெட் போட்டுவிடலாம்.

2020 ஊரடங்கிலும், 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோதும் கொழும்புக் கார்கள் வாரக்கணக்கில் நின்றன. அப்போது கராஜுகளுக்கு வந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பற்றரி, இறுகிய ஹேண்ட்பிரேக், எலி.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டுப் போனால், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பிறகு காரை உறுமவிட்டு இழுக்கிறவர்கள் லைனிங்கைப் பெயர்த்தெடுக்கிறார்கள். சமதரையில், 'பி'யிலோ முதல் கியரிலோ விட்டு, முன்னும் பின்னும் சில்லுக்குக் கல்லோ கட்டையோ அடை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடுங்கள். டயருக்குக் காற்றை வழக்கத்தைவிட ஐந்து பி.எஸ்.ஐ. அளவு கூட்டி அடித்தால் ஒரே இடத்தில் நின்று தட்டையாவது குறையும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கிற உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம். புல்லிலும் மண்ணிலும் நிறுத்த வேண்டாம், நிலத்தின் ஈரம் முழுக்க அடித்தகட்டுக்குத்தான் போகும்.

எலிக்கு நிச்சயமான மருந்து இல்லை. அந்துருண்டை, புகையிலை, மிளகுத் தண்ணீர் எல்லாம் முதல் மழை வரைக்கும்தான். உள்ளே பிஸ்கட் துகள், மிக்ஸர் ஒன்றும் இல்லாமல் வக்யூம் பிடியுங்கள். ஏசிக் காற்றை உள்சுற்றுக்கு மாற்றிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். வெளிக்காற்று வருகிற வாசல் மூடிக்கொள்ளும், எலி வருகிற வழியும் அதுதான். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

மரநிழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மா, கொட்டான், பலா எதுவாக இருந்தாலும் அதன் இலை முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்தில் விழும். அந்தப் பள்ளத்தில் மழைநீர் வடிய இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. உக்கிய இலை அதை அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறி, ஏசி புளோவர் வழியாக உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் கார்ப்பெட் காய்ந்ததுபோல இருக்கும். முன் இடப்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற தடித்த பஞ்சை அழுத்தினால் விரலிடுக்கால் தண்ணீர் பொங்கும், ஊறின வாசம் மூக்கில் அடிக்கும். பல கார்களில் வயர் இணைப்புகள் போவது அந்தப் பஞ்சுக்கு அடியால்தான். வாரம் ஒருதரம் இலையை அள்ளிப்போட ஒரு ஆளைப் பிடித்துவிடுங்கள், செக்கியூரிட்டிப் பொடியனுக்கு ஏற்ற வேலை அது. தென்னைக்குக் கீழே நிறுத்துவது பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

கவர் போடுவதா என்று கேட்டால், என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிப்பதில்லை. மலிவான பிளாஸ்டிக் கவர் வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வராது. வெயில் ஏறினால் இட்லிப் பானைதான். தென்மேல் காற்றில் கவர் படபடத்து, அடியில் இருக்கிற மணல் பெயின்டைத் தேய்க்கும். காற்றுப் போய்வருகிற நல்ல துணிக் கவர், அதை வெயில் நாளில் கழற்றிக் காயவிட ஒரு ஆள், இரண்டும் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் நன்றாக வக்ஸ் பூசிவிட்டு வெறுமனே விடுவது மேல். காக எச்சம் மட்டும் பெயின்டைத் தின்னும், அதை யாராவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். நாலு கம்பு நட்டு, காரில் முட்டாமல் உயரத்தில் தரப்பாள் கட்ட இடம் இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

கூலன்ட் குளிருக்கு மட்டும்தான் என்று நினைத்துக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துருப்பிடிக்காமல் தடுக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது, நிற்கிற காருக்கு அது கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஒயிலைத் திரும்பி வந்து மாற்றலாம் என்று விடாமல் போகுமுன் மாற்றுங்கள், பழைய ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். பெற்றோல் டாங்கை நிரப்பிவிடுங்கள்.

கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கம் களனி ஆறு 2016 மேயிலும் 2025 நவம்பரிலும் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். அங்கே இருப்பவர்கள் மேட்டில் உள்ள உறவினர் வீட்டில் காரை விட்டுவிட்டுப் போவதே புத்தி. கம்பி கழற்றிய காரை அவசரத்துக்கு நகர்த்த முடியாது என்பதையும் யோசியுங்கள். இன்ஷூரன்சில் வெள்ளமும் மரம் விழுவதும் அடங்குமா என்று போகுமுன் கேளுங்கள், தவணை நீங்கள் இல்லாத நேரம் முடிகிறதா என்றும் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் அப்படித்தான்.

திரும்பி வந்த அன்றே சாவியைத் திருகாதீர்கள். முதலில் பொனெட்டைத் திறந்து எலிக்கூடு, கடித்த வயர், எஞ்சின் மேல் காய்ந்த இலை இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்க வேண்டும், கூடு கட்ட எலிக்குப் பிடித்த இடம் அது. பெற்றோல் வாசம் அடித்தால் எதையும் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஹோஸைக் கடித்திருக்கும். ஒயில், கூலன்ட், பிரேக் எண்ணெய் மட்டம், டயர்க் காற்று எல்லாம் சரியென்றால் பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணி, அக்சிலரேட்டரை மிதிக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். முதல் சில பிரேக் கரகரக்கும், டிஸ்கில் படிந்த துரு அது. ஒழுங்கைக்குள்ளேயே மெதுவாக நாலைந்து தரம் பிரேக் பிடித்து, சத்தம் அடங்கின பிறகு காலி வீதிக்கு ஏறுங்கள்.