மாலை ஏழு மணிக்கு ஏறும் ஆறு

நீர்மின்சாரம் என்றதும் அணைச் சுவரும், மூழ்கிய ஊர்களும், இடம்பெயர்ந்த மக்களும்தான் நினைவுக்கு வரும். அது சின்ன விஷயமில்லை. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்துக்காக 1981இல் ஏறக்குறைய நூறு கிராமங்கள் காலியாயின. அங்கிருந்து கிளம்பும் கிருஷ்ணா நீர்தான் பூண்டி வழியாகச் சென்னைக் குழாய்களுக்கு வருகிறது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். பத்திரிகைகளில் படம் வரும். ஆனால் அணை கட்டி முடித்து, திறப்பு விழாக் கல்வெட்டும் மங்கிப்போன பிறகு, தினமும் நடக்கும் சேதம் ஒன்று உண்டு: மின்தேவைக்கேற்பத் திறந்து மூடுவதால் ஆறு திடீரென ஏறி இறங்குவது. அதற்குப் படம் வருவதில்லை. சென்னையில் உட்கார்ந்து நதி ஆய்வறிக்கைகளைச் சரிபார்ப்பது என் தொழில். அந்த அறிக்கைகளிலும் அது வருவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

அனல்மின் நிலையத்தை நினைத்தவுடன் கூட்டிக் குறைக்க முடியாது. கொதிகலன் சூடேறவே மணிக்கணக்காகும். நீர்மின் நிலையமோ சில நிமிடங்களில் முழு வேகம் பிடித்துவிடும். பொழுது சாய்ந்து சூரிய மின்சாரம் விழுகிற அதே வேளையில்தான் நாம் வீடு திரும்பி ஏசியைப் போடுகிறோம். 2024 மே மாதத்தில் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த மாலைப் பள்ளத்தை நிரப்ப நீலகிரியின் குந்தாவிலும் பைக்காராவிலும் தண்ணீரைத் திறக்கிறார்கள். மின்வாரியத்தாரின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மேட்டூரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே பாசனத்துக்கு விடும் நீர் போகிற போக்கில் மின்சாரமும் தருகிறது. நீலகிரியில் மின்சாரத்துக்காகவே தண்ணீர் ஓடுகிறது.

பைக்காரா நீர் ராட்சதக் குழாய்களில் சிங்காராவுக்கு இறங்கி, அங்கிருந்து திறந்த வாய்க்காலில் ஓடி, மாயாறு மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு ஆற்றில் விழுகிறது. யானைகள் சீகூர்ப் பீடபூமிக்கும் முதுமலைக்கும் இடையே காலங்காலமாக நடந்த தடத்தில் இப்போது அந்தக் குழாய்களும் வாய்க்காலும் குறுக்கே கிடக்கின்றன. அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் தெங்குமரஹாடா என்ற ஊர் இருக்கிறது. மக்கள் பரிசலில்தான் ஆற்றைக் கடப்பார்கள். மேலே அணை திறந்தால் ஊர் துண்டிக்கப்படுவது அங்கே வழக்கமான செய்தி.

அந்தப் பக்கத்துப் பரிசல்காரர் ஒருவர் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத்தான் என்னிடம் பேச உட்கார்ந்தார். பேச்சின் நடுவே கண் அதிலேயே இருந்தது. “மழைத் தண்ணீர் கலங்கி வரும் சார், முன்னால் சருகு மிதந்து வரும், நாங்கள் ஒதுங்கிவிடுவோம். கரண்டுத் தண்ணீர் தெளிவாகவே ஏறும். சத்தமும் இருக்காது” என்றார். பேச்சு முடிவதற்குள் குச்சியின் அடி நனைந்து, ஒரு விரல்கடை நீருக்குள் போயிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

மனிதருக்குக் குச்சி இருக்கிறது. கரையோரச் சரளைக் கல்லில் முட்டையிடும் மீனுக்கு என்ன இருக்கிறது? நீர் ஏறிய நேரத்தில் ஓரத்தில் முட்டையிட்டால், நீர் வடிந்ததும் அது வெயிலில் காய்ந்துவிடும். மணல் திட்டில் கூடு வைக்கும் பறவைக்கும் ஆமைக்கும் நேர்மாறான கதி: வறண்ட நேரத்தில் இட்ட முட்டையை இரவுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மஹசீர் மீன் 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. காரணம் பல, அவற்றில் அணைகளும் உண்டு. நீரோட்டத்தின் பருவம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் காவிரி முன்பே காட்டியிருக்கிறது. கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து முட்டையிட்ட உல்லம் மீன், மேட்டூர் அணை 1934இல் முடிந்து வெள்ளம் தேக்கத்துக்குள் அடங்கிய பிறகு அருகிப்போனது. ஆடிப்பெருக்கை நாம் நாள்காட்டியில் கொண்டாடிக்கொள்ளலாம். மீனுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

இனி அறிக்கைகளுக்கு வருகிறேன். என் எரிச்சல் முழுவதும் இங்கேதான். நீர்மின் திட்டங்களில் ஆற்று நீரோட்டத்தைப் பெரும்பாலும் பத்து நாள் சராசரியாகத்தான் தருவார்கள். பகல் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்து மாலையில் நான்கு மணி நேரம் பாயும் ஆறும், இருபத்து நான்கு மணி நேரமும் சீராக ஓடும் ஆறும் சராசரியில் ஒன்றுதான். “நீரோட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை” என்று அதை வைத்து எழுதினால் கணக்கில் பிழை காண முடியாது. இதுவும் பெரிய திட்டங்களுக்குத்தான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களுக்கு மதிப்பீடே வேண்டியதில்லை. 24 சொச்சம் மெகாவாட்டில் திட்டங்கள் முளைப்பதெல்லாம் தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

மேல் கங்கையில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வரையறுத்தது: குளிர்காலத்தில் 20 சதவீதம், மழைக்காலத்தில் 30 சதவீதம். காவிரித் தீர்ப்பாயம் 2007இல் சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சி ஒதுக்கியது. இரண்டும் நல்லவை, இரண்டும் அளவைப் பேசுகின்றன. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்ற வேக வரம்பு எங்கே? டர்பைனைப் படிப்படியாக ஏற்றி இறக்குவதும், மின்நிலையத்துக்குக் கீழே சிறு தடுப்பணை கட்டி நீரைச் சமன்செய்து விடுவதும் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. சிறு தடுப்பணை மீனை மறிக்கும் என்பதால் முதலாவதற்கே என் ஓட்டு.

அவசரமும் இருக்கிறது. சூரிய மின்சாரம் கூடக் கூட, மாலைப் பள்ளம் இன்னும் ஆழமாகும். அதற்காகத்தான் போர்த்திமந்து, அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் வருகிறது. பகலில் நீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் இந்த முறை அந்தத் தேக்கங்களுக்குள்ளேயே சுற்றினால் ஆற்றுக்குப் பாரம் குறையக்கூடும். ஆற்றில் விடும் பழைய நிலையங்களின் மாலை வேலையை அது குறைக்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

சென்னைவாசிக்கு இரண்டு வேலைகள். தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் முடிந்தால் நண்பகலில் ஓட்டுங்கள். சுற்றுலா போனால், அணைக்குக் கீழே வறண்டு கிடக்கும் ஆற்றில் பாறை மேல் நின்று படம் எடுக்காதீர்கள். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தின் பியாஸ் ஆற்றில், லார்ஜி அணையிலிருந்து விடப்பட்ட நீர் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அப்படித்தான் அடித்துச் சென்றது.

திட்டம் எதற்காவது கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதை வாங்கி நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள். பத்து நாள் சராசரி மட்டும் இருந்தால், மணிவாரிக் கணக்கு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கேள்வியைப் பதிவுசெய்ய அவர்கள் கடமைப்பட்டவர்கள்.