சத்தியம் பண்ணிக் குடியை விடுகிறவரின் வீட்டாருக்கு

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் வன்னியில் போத்தலும் கூடும், குடியை விடும் சத்தியங்களும் கூடும். "வற்றாப்பளை அம்மனாணை, நாளையிலயிருந்து தொடமாட்டன்" என்றதும் வீடு மகிழ்ந்துவிடுகிறது. மனவுறுதியைப் பற்றிப் பேசமுதல் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தினமும் கசிப்போ சாராயமோ குடித்து, காலையில் கொஞ்சம் உள்ளே போகாமல் கைநடுக்கம் நிற்காதவர் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 12 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் தொடக்கம் நான்காம் நாள் வரை சிலருக்குக் காய்ச்சலும், ஆள் இடம் தெரியாத குழப்பமும், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றமும் வரும். பேய் என்று நினைத்து நூல் கட்டப் போவது இந்தக் கட்டத்தில்தான். உயிர் போகக்கூடிய கட்டமும் இதுவே. உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சொல்லிவிட்டுத் தொடங்கினால், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும் மாத்திரையும் தயமின் என்னும் விற்றமின் பி1உம் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி மனம். ஊரில் இரண்டு தீர்ப்புத்தான் உண்டு: "நினைச்சா விடலாம்தானே", அல்லது "அது வருத்தம், அவரால ஏலாது". இரண்டுமே பிழை.

மெய்யியலாளர் ஹரி பிராங்ஃபேர்ட் 1971இல் எழுதிய கட்டுரையில் போதைக்கு அடிமையான இருவரைக் காட்டுகிறார். இருவருக்கும் ஒரே தாகம். ஒருவர் அந்தத் தாகத்தோடு ஒத்துப்போகிறார்; மற்றவர் "இந்த ஆசை எனக்கு வேண்டாம்" என்று விரும்பியும் அதனிடம் தோற்கிறார். சத்தியம் பண்ணுகிறவர் இந்த இரண்டாமவர். விட வேண்டுமென்ற விருப்பம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்குச் சந்தியில் நிற்கும்போது அந்த விருப்பத்தை நடத்தையாக்கும் வழிதான் இல்லை. அவரை "மானமில்லாதவன்" என்பது இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது.

அதற்காக "பாவம், வருத்தக்காரன்" என்று ஒதுக்கினால் அதற்கும் விலை உண்டு. இன்னொரு மெய்யியலாளர் பீட்டர் ஸ்ட்ரோசன் 1962இல் சொன்னது இது: ஒருவரைக் கையாளவும் சிகிச்சை செய்யவும் வேண்டிய பொருளாக மட்டும் பார்க்கத் தொடங்கினால், அவரோடு கோபமும் நன்றியும் கொண்டு வாழும் உறவு நின்றுவிடுகிறது. வீட்டில் காசை ஒளிக்கிறார்கள், பிள்ளைகள் பேசாமல் விடுகிறார்கள், மகளின் கலியாணப் பேச்சிலும் அவரைக் கேட்பதில்லை. கோவில் கொடியேறினால் குறைத்துக்கொள்பவருக்கு, மாமனார் வந்தால் தள்ளிப்போடுபவருக்குத் தெரிவு முழுவதும் போய்விடவில்லை. ஒடுங்கித்தான் போயிருக்கிறது.

ஒக்ஸ்போர்டில் ஒரு சிகிச்சைக் குழுவோடு பணியாற்றிய மெய்யியலாளர் ஹன்னா பிக்கார்ட் இதற்கு வைத்த பெயர் 'பழியில்லாத பொறுப்பு'. கணக்குக் கேளுங்கள், கரித்துக் கொட்டாதீர்கள். வெறியில் இருக்கும் இரவில் வேண்டாம். விடிந்து, தேத்தண்ணி குடித்தபின், பிள்ளைகள் இல்லாத நேரம். "நீங்கள் ஒரு மனிசனா?" என்பது பழி. "நெல்லுக்காசில 8,000 குறையுது. உரக்கடைக்கு எப்பிடிக் கட்டப்போறீங்கள்?" என்பது பொறுப்பு. 'ஏன்' என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். 'எப்பிடி' என்று கேட்டால் சில வேளை ஒரு வழி வரும். (அடி உதை இருக்கும் வீட்டில் இந்தப் பொறுமையை மனைவியிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. அங்கே முதலில் பாதுகாப்பு. மகளிர் உதவி இலக்கம் 1938.)

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கப் படையினரில் பெரும்பாலோர் ஊரில் மீண்டும் அடிமையாகவில்லை என்று ஆய்வாளர் லீ ரொபின்ஸ் 1970களில் கண்டறிந்தார். அவர்களுக்கு இடம் மாறியது. இங்கே தவறணையும் சந்தியும் கூட்டாளியும் அப்படியே இருப்பதால், திட்டம் இடத்தையும் நேரத்தையும் தொட வேண்டும். "இனிக் குடிக்கமாட்டன்" போதாது. "கூலி கையில வந்தால், சந்திக்குப் போகமுதல் கடைக்கடனைக் கட்டுவன்". "சின்னராசா மறிச்சால், பிள்ளைக்கு ரியூசன் எண்டு சொல்லிச் சைக்கிளை நிப்பாட்டாமல் போவன்". இந்த வடிவில் இரண்டு மூன்று போதும், அவர் வாயாலேயே சொல்லி எழுத வேண்டும். நெல்லுக்காசை இருவர் கையொப்பமும் வேண்டிய கணக்கில் போடுவதும் அவர் சம்மதத்தோடுதான்.

மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால், அடுத்த நாள் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு, ஆரோடை, கையில் எவ்வளவு காசு. அதை வைத்து எழுதிய வரியில் ஒன்றை மாற்றுங்கள். பேச ஆள் தேவையென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.